பழைய அரமா, எச்.எஸ்.எஸ். துண்டா?

தண்டையார்பேட்டையில் என் கடைசல் பட்டறைக்கு வரும் வேலையில் பாதி, காசிமேட்டுப் படகுகளுக்கான ஷாஃப்டும் (சுழலும் தண்டு), அதைத் தாங்கும் புஷ்ஷும்தான். லேத்தில் (கடைசல் இயந்திரம்) மாட்டும் உளிகளை நானே செய்துகொள்வது என்று இறங்கியபோது எதிரில் மூன்று வழிகள் இருந்தன: தேய்ந்துபோன அரம், எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல் என்ற கலப்பு எஃகு) துண்டு, கார்பைடு முனை பற்றவைத்த உளி.

கார்பைடைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. அது வேகம் கேட்கும், அதிர்ச்சி தாங்காது. சாவிக்காடி (சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) வெட்டிய ஷாஃப்டைக் கடைந்தால் சுற்றுக்கு ஒரு அடி விழும், முனை சில்லாகத் தெறிக்கும். சாணை பிடிக்கப் பச்சை நிறச் சிலிகான் கார்பைடு கல் தனியாக வேண்டும். ஆட்டமில்லாத புது லேத்தில் அதன் குணம் வேறாக இருக்கலாம். அப்படிப்பட்ட லேத்தில் நான் வேலை பார்த்ததில்லை.

அரத்தில்தான் நான் ஆரம்பித்தேன். காசே இல்லை என்பது முதல் ஆசை. நெருப்பில் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் ஆறவிட்டால் அரம் மெத்தென்று ஆகிவிடும். பிறகு இன்னொரு அரத்தாலேயே வேண்டிய வளைவை ராவிக்கொள்ளலாம். பல் தடங்களை முழுக்கத் தேய்த்துவிட வேண்டும். இல்லையென்றால் தோய்க்கும்போது அந்தப் பள்ளங்களிலிருந்து விரிசல் கிளம்பும். காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்சி, இன்னும் சற்றுச் சூடேற்றி எண்ணெயில் தோய்த்து, மினுக்கிய பக்கத்தில் வைக்கோல் மஞ்சள் தெரியும்வரை மெல்லச் சூடு காட்டினால் பதம் வந்துவிடும். அந்த உளியின் கூர்மைக்கு நிகர் கிடையாது.

சிக்கல் சாணையில் இருக்கிறது. எனக்குத் தொழில் பழக்கிய மேஸ்திரி, "நீலம் ஏறினால் உளி செத்தது" என்பார். ஒரு நாள் அவசரத்தில் கிரைண்டரில் சற்று அழுத்திவிட்டேன். முனையில் மயில்கழுத்து நிறம். நிறம்தானே என்று மாட்டினேன். சுருள் வரவில்லை, இரும்பின் மேல் வழுக்கிப் பளபளப்புத்தான் ஏற்றியது. அரத்து எஃகு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கிறது. நீலம் என்றால் ஏறக்குறைய 300. நீலம் ஏறிய பகுதியை முழுக்கத் தேய்த்தெடுக்க வேண்டும், இல்லை மறுபடி காய்ச்சித் தோய்க்க வேண்டும். வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது இரண்டுக்கும் நேரம் ஏது?

எச்.எஸ்.எஸ்.ஸுக்கு இந்தப் பயம் இல்லை. டங்ஸ்டனும் மாலிப்டினமும் கலந்த அந்த எஃகு 550 டிகிரி வரை கடினம் குறையாது. சாணையில் நீலம் ஏறினாலும் வெட்டும். கொதிக்கும் முனையைத் தண்ணீரில் முக்காமல் இருந்தால் போதும். முக்கினால் மயிரிழை விரிசல் விடும். 30 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீல் கம்பியை நிமிடத்துக்கு 300 சுற்றில் தாராளமாகக் கடையலாம். அரத்து உளியென்றால் பாதி வேகம்தான். எச்.எஸ்.எஸ்.ஸைப் பதப்படுத்த 1,200 டிகிரி வேண்டும், அது நம் உலையில் ஆகாது. ஆனால் பாரிமுனைக் கடையில் வாங்கும் துண்டு பதம் ஏறியேதான் வருகிறது. நமக்கு மிச்சம் சாணை மட்டுமே.

பழைய இரும்புக் கடையில் பொறுக்குவதானால் கிரைண்டரில் வைத்துப் பொறியைப் பாருங்கள். அரத்து எஃகு வெளிர்மஞ்சளாகப் பூத்துச் சிதறும். எச்.எஸ்.எஸ். மங்கிய சிவப்புக் கோடாக ஓடும், பூ அரிது. பெரிய டிரில்லின் தண்டை நம்பாதீர்கள்: பல டிரில்களில் அது சாதாரண எஃகை ஒட்டவைத்ததுதான். கோபால்ட் கலந்த எச்.எஸ்.எஸ். துண்டு இரண்டு மட்டுமே வாங்கியிருக்கிறேன். ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டில் கூர் நீடித்தது போலிருந்தது. இரண்டு துண்டை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு அரத்து உளியை மட்டும் இன்னும் விடவில்லை. கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) புஷ்ஷில் அரைவட்டக் காடி எடுக்க ராவியது. கன்மெட்டலில் அவ்வளவாகச் சூடு ஏறாது. அந்த வளைவைக் கிரைண்டரில் கொண்டுவர என் கையால் ஆகாது. கடற்காற்றுக்குத் துரு ஏறாமல் எண்ணெய்த் துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்திருக்கிறேன். தீட்டுவது எண்ணெய்க் கல்லில், கையால்தான்.