ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்: அடுத்தவர் கடிதங்களை ஆற அமரப் படிக்க

முப்பது வருடம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டவன் நான். ஒன்றைக்கூடப் பிரித்துப் படித்ததில்லை. அந்த ஆசை ஓய்வு பெற்ற பிறகுதான் தீர்ந்தது, அதுவும் அமெரிக்காவின் பழைய தலைவர்கள் புண்ணியத்தில்.

இந்த இணையதளத்தை அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகமும் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பதிப்பகமும் சேர்ந்து 2013இல் தொடங்கின. வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஆடம்ஸ் குடும்பம், ஜெஃபர்சன், ஹாமில்டன், மேடிசன், பிறகு சேர்ந்த ஜான் ஜே என்று எல்லாருடையதுமாக 1,80,000க்கு மேல் ஆவணங்கள். கட்டணம் கிடையாது. கணக்குத் தொடங்கச் சொல்லி நச்சரிப்பும் கிடையாது.

எழுதியவர் பெயர், பெறுபவர் பெயர் இரண்டையும் தேர்ந்தெடுத்துத் தேதி வரிசையில் படித்தால்தான் இதன் ருசி தெரியும். ஒரு சாம்பிள் சொல்கிறேன். 1800 அதிபர் தேர்தலில் எதிரெதிரே நின்றதில் முறிந்த ஜான் ஆடம்ஸ், ஜெஃபர்சன் நட்பை, பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர் வருடக்கணக்கில் தூது போய் ஒட்டவைத்தார். 1812 ஜனவரி 1 அன்று ஆடம்ஸ், வீட்டிலேயே நெய்த துணி இரண்டு அனுப்புவதாகக் குறும்பாக எழுதுகிறார். உண்மையில் அனுப்பியது, அவர் மகன் பேச்சுக்கலை பற்றி ஆற்றிய உரைகளின் இரண்டு தொகுதிகள். கடிதம் முந்திவிட்டது, பொட்டலம் வழியில் தங்கிவிட்டது. ஜெஃபர்சன் துணி என்றே நம்பி, வர்ஜீனியாவில் வீட்டுக்கு வீடு நெசவு நடப்பதை விவரித்து ஜனவரி 21இல் பதில் எழுதுகிறார். அதைத் தபாலில் சேர்க்கப் போன ஆளே திரும்பும்போது பொட்டலத்தோடு வந்தானாம்! 23ஆம் தேதிக் கடிதத்தில் அசடு வழிகிறார் மனிதர். தபால் தாமதத்தால் இவ்வளவு நல்லது நடந்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு 1826 வரை இருவரும் 158 கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். ஜெஃபர்சன் ஒன்று எழுதினால் ஆடம்ஸ் இரண்டு.

ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெயில் ஆடம்ஸ் பக்கம் போனால் நேரம் போவதே தெரியாது. சட்டம் இயற்றும்போது பெண்களை மறக்காதே என்று கணவருக்கு எழுதிய 1776 மார்ச் 31 கடிதம் எல்லாருக்கும் தெரியும். முழுக் கடிதத்தைத் திறந்தால் முதல் வரியே, நான் எழுதுவதில் பாதி நீளமாவது நீ எழுதக் கூடாதா என்ற குறைதான். 1804இல் ஜெஃபர்சனின் மகள் இறந்தபோது, கணவருக்குத் தெரியாமல் ஜெஃபர்சனுக்கு ஆறுதல் எழுதினார் அபிகெயில். அது சில மாதம் அரசியல் சண்டையாகவே ஓடியது. கடைசியில் எல்லாவற்றையும் கணவரிடம் காட்ட, தனக்குத் தெரியாமல் நடந்தது இது, இப்போது சொல்ல ஒன்றுமில்லை என்று கடித நகலின் அடியில் குறிப்பு எழுதிவைத்தார் ஆடம்ஸ். வீட்டுக்கு வீடு வாசற்படி!

குறைகளும் உண்டு. பதிப்பாசிரியர்களின் வேலை முடியாத கடிதங்கள் விளக்கக் குறிப்பு இல்லாமல் வெறும் எழுத்துப்படியாகக் கிடக்கின்றன. யார் யாருக்கு என்ன உறவு என்று நாமே தட்டுத்தடுமாற வேண்டும். பழைய எழுத்துக்கூட்டலை அப்படியே விட்டிருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது, அவசரக்காரர்களுக்குப் பிடிக்காது. வாஷிங்டன் தன் மனைவிக்கு எழுதியவற்றைத் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்குத் தளத்தைக் குறை சொல்ல முடியாது, மார்த்தா அம்மையார் ஏறக்குறைய எல்லாவற்றையும் எரித்துவிட்டார்.

என் பெரிய ஏக்கம், கையெழுத்தைப் பார்க்க முடியாதது. இங்கே இருப்பது அச்செழுத்து மட்டும். அதனால் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தின் தளத்தையும் பக்கத்தில் திறந்துவைத்துக்கொள்கிறேன். ஜானும் அபிகெயிலும் எழுதிக்கொண்ட 1,100க்கு மேற்பட்ட கடிதங்கள் அங்கே படமாகவே இருக்கின்றன. 1762இலிருந்து வரிசையாக ஆரம்பித்திருக்கிறேன். அந்த அக்டோபரில் இளம் வக்கீல் ஜான், இதைக் கொண்டுவருபவர் கேட்கும் அளவுக்கு முத்தம் கொடுத்து என் கணக்கில் எழுதிக்கொள் என்று அபிகெயிலுக்கு உத்தரவு போடுகிறார். கொண்டுபோனவரும் அவரேதான். இப்படி ஒரு மணியார்டர் என் கைக்கு வந்ததே இல்லை.