முன்சக்கரமா, பின்சக்கரமா: முப்பந்தல் காற்றில் எது நேராகப் போகும்?

ஆனி, ஆடியில் நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு போகிறவர்களுக்குத் தெரியும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தள்ளும். முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அங்கே குவிந்து வரும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான். அந்த இடத்தில் எந்த வகைக் கார் ஆடாமல் போகும்?

என் ஓட்டு முன்சக்கர இழுவைக்கு, அதாவது எஞ்சின் முன்சக்கரங்களைச் சுழற்றும் கார்களுக்கு. ஸ்விஃப்ட் போன்ற கார்களில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால், எடையில் சுமார் 60 சதவீதம் முன் டயர்களில் விழும். பக்கக் காற்றின் விசை பெரும்பாலான கார்களில் எடை மையத்துக்கு முன்னால்தான் தாக்கும். இந்த இரண்டு புள்ளிகளும் விலக விலக, காரின் மூக்கு காற்று தள்ளும் பக்கம் திரும்பும். முன்பாரம் அந்த விலகலைக் குறைக்கிறது. பின்னால் எஞ்சின் வைத்த பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காற்றில் அலைந்ததற்கும் இதே கணக்குதான்.

பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா பின்சக்கர இழுவை. ஆள் நிறைய ஏறி, மேட்டில் இழுக்கும்போது இவைதான் கெட்டி. ஈர வளைவில் ஆக்ஸிலேட்டரை அமுக்கினால் பின்பக்கம் வழுக்கலாம், அது வேறு விஷயம். காற்றில் இவற்றைப் படுத்துவது உயரமும் அகலமான பக்கவாட்டும். இன்னோவா ஹைகிராஸ் முன்சக்கர இழுவைக்கு மாறியும் அந்தப் பக்கவாட்டு குறையவில்லை. ஆகவே தாழ்வான செடானையே நான் தேர்ந்தெடுப்பேன்.

நான்கு சக்கர இழுவை? வேகமெடுக்கப் பிடி தரும், பக்கக் காற்றைத் தடுக்காது. முதல் தலைமுறை ஆடி டிடி (Audi TT) கார் நல்ல பாடம். நான்கு சக்கர இழுவையிலும் கிடைத்த கார்தான், ஆனால் உருண்ட பின்புறத்தால் அதிவேகத்தில் வால் லேசாகி, ஐரோப்பாவில் விபத்துகள் நடந்தன. கடைசியில் கார்களைத் திரும்ப அழைத்து, வால் லேசாவதைக் குறைக்கும் ஸ்பாய்லர் என்ற தகட்டைப் பின்னால் பொருத்தி, சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும்: 80 கிலோமீட்டரில் இருப்பதைவிட 120-இல் 2.25 மடங்கு. முன்புறம் லேசானால் ஸ்டீயரிங் மந்தமாகும், பின்புறம் லேசானால் கார் சுழலும். இரண்டாவதுதான் ஆபத்து.

அப்புறம், குற்றால சீசனும் இந்தக் காற்றும் ஒரே சமயத்தில் வருகின்றன. டிக்கியை நிரப்பி, மேலே கேரியரிலும் மூட்டை கட்டினால் எடை பின்னாலும் மேலேயும் போய்விடும். முன்சக்கரக் காரின் அனுகூலமும் அதோடு குறையும். கனமான பைகளைத் தரையோடு, பின்சீட்டை ஒட்டி வையுங்கள். கேரியர் காலியாகவே இருக்கட்டும். பின் டயர்களுக்கு, கதவு ஓரத்தில் முழுப் பாரத்துக்கு எழுதியிருக்கும் காற்றழுத்தத்தை அடியுங்கள்.