குளவி கடித்த பிளம்ஸில் இருந்து பீர்: சில வருட அனுபவம்

இங்கிலாந்தில் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்ச 1963 முதல் லைசென்ஸ் தேவையில்லை. பல வருடங்களாகவே வீட்டில் காய்ச்சுகிறேன். கடந்த சில வருடங்களாக பாக்கெட் ஈஸ்டை விட்டுவிட்டு, தோட்டத்து பிளம்ஸ் மரத்தில் பிடித்த ஈஸ்டைத்தான் பயன்படுத்துகிறேன்.

பிளம்ஸ் மேல் படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சுதான் ஈஸ்ட் என்று பலர் சொல்வார்கள். அது மெழுகு. பீருக்கு வேண்டிய சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்ட், முழுசாக இருக்கும் பழத்தில் அரிது. குளவி கடித்து வெடித்த பழமாகப் பார்த்து எடுங்கள். குளவிகள் இந்த ஈஸ்டைக் குளிர்காலம் முழுக்க வயிற்றில் வைத்திருந்து அடுத்த தலைமுறைக்கும் கடத்துகின்றன என்று 2012இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மால்ட் (முளைகட்டிய பார்லிச் சாறு) பவுடரும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூ கொஞ்சமும் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் லாக்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் (அமிலத்தன்மை) அளவை 4.5க்குக் கீழே இறக்குவேன். ஹாப்ஸ் புளிப்பு பாக்டீரியாவை அடக்கும். அமிலம் கெட்ட பாக்டீரியாவை அடக்கும். சின்ன ஜாடிகளில் பிரித்து ஜாடிக்கொரு பழம் போடுவேன். பூஞ்சணம் பிடித்த ஜாடியை யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். மற்றதையும் ஒரு மாதத்துக்கு மோந்து பார்க்கலாம், ருசி பார்க்கக் கூடாது.

நுரை வந்துவிட்டால் போதாது. பழத்தோலில் ஏராளமாக இருக்கும் ஹான்செனியாஸ்போரா போன்ற ஈஸ்ட்கள் குளுக்கோஸைத் தின்றுவிட்டு அடங்கிவிடும். மால்ட் சாற்றின் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி மால்டோஸ் என்ற வகை. அது அவற்றுக்குச் செரிக்காது. அதனால் சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். தண்ணீருக்கு 1.000 காட்டும்; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கும். 1.040இல் தொடங்கி 1.030 பக்கத்திலேயே நிற்கும் ஜாடியால் பயனில்லை. 1.010 வரை இறங்கிய ஜாடியின் ஈஸ்டை மட்டும் வைத்துப் பெருக்கினேன்.

ருசி? கிராம்பு வாசனை தூக்கலாக வரும். மால்ட்டில் உள்ள ஃபெரூலிக் அமிலத்தை ஈஸ்ட் மாற்றுவதால் வருவது அது. ஜெர்மன் கோதுமை பீரிலும் இதே வாசனைதான். கோதுமை கலந்த, ஹாப்ஸ் குறைந்த பீருக்கு இதைவிடப் பொருத்தமான ஈஸ்டை நான் பார்த்ததில்லை. ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ பீருக்குச் சரிவராது, சுத்தமான ருசி வேண்டிய லாகர் பீருக்குக் கேட்கவே வேண்டாம்.

அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலையே அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டு வந்தால் மெல்லப் புளிப்பு ஏறும். புளிப்பு பிடித்தவர்கள் அப்படியே விடலாம். நான் தொடக்க கால வண்டலில் கொஞ்சம் ஃபிரிட்ஜில் எடுத்து வைத்து, அதிலிருந்து மறுபடி பெருக்குகிறேன்.

பாட்டிலில் அடைப்பதில்தான் நிஜமான ஆபத்து. சில காட்டு ஈஸ்ட்கள், மற்ற ஈஸ்ட்கள் விட்டுவைக்கும் டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துண்டுகளையும் மாதக்கணக்கில் மெதுவாகத் தின்னும். 1.010இல் நின்றது போலத் தெரிந்தது பாட்டிலுக்குள் மேலும் இறங்கினால் வாயு சேர்ந்து கண்ணாடி வெடிக்கும். ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை அளந்தும் எண் மாறவில்லை என்றால்தான் அடைக்கிறேன், அதுவும் கனமான ஷாம்பெயின் பாட்டிலில்.