இழப்பீடா, மனை விதி மாற்றமா? எவன்ஸ்டனும் மினியாபொலிஸும்

கறுப்பின மக்களுக்கு வீட்டுடைமையை மறுத்த அநீதிக்கு அமெரிக்காவின் இரு நகர மன்றங்கள் வெவ்வேறு வழிகளில் பரிகாரம் தேடின. இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன், 1919க்கும் 1969க்கும் இடையில் அங்கு வாழ்ந்த கறுப்பினத்தவருக்கும் அவர்களுடைய வாரிசுகளுக்கும் தலா 25,000 டாலர் வரை வீட்டுவசதி உதவி வழங்க 2021இல் ஒப்புதல் அளித்தது. வீடு வாங்க, பழுதுபார்க்க, அடமானக் கடன் அடைக்க மட்டுமே என்றிருந்த நிபந்தனையை 2023இல் தளர்த்தி, ரொக்கமாகவும் பெற வழிசெய்தது. இதற்கான நிதி முதலில் கஞ்சா விற்பனை வரியிலிருந்து ஒதுக்கப்பட்டது. மினியாபொலிஸோ, 2018இல் ஏற்ற திட்டத்தின்வழி, கறுப்பினத்தவர் பலரைப் பல பகுதிகளில் குடியேற விடாமல் தடுக்க உதவிய, தனிவீடு மட்டுமே கட்டலாம் என்ற விதியை நீக்கி, ஒரு மனையில் மூன்று குடியிருப்புகள் வரை அனுமதித்தது. இதன் வீச்சு பெரிது. ஆனால் இழந்தவர் கையில் நேரடியாக எதுவும் சேர்வதில்லை. ஆகவே, பயனாளிகள் சிலரேயானாலும், எவன்ஸ்டனின் வழியையே நான் முதலில் வைப்பேன்.