லூசிட் கனவு மாஸ்க்: லைட் நன்றாக எரிகிறது, பெட்டிக்குள் கண்ட்ரோல் வரவில்லை

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே "அட, இது கனவு" என்று நமக்குத் தெரிந்துவிட்டால் அதுதான் லூசிட் கனவு. அதற்கு உதவும் என்று ஆன்லைனில் விற்கிற, உள்ளே சிவப்பு எல்இடி வைத்த கண் மாஸ்க் ஒன்றை ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கி, இந்தக் கோடை முழுக்க தண்டையார்பேட்டை வீட்டில் மாட்டிக்கொண்டு படுத்தேன். கம்பெனி பேர் வேண்டாம். கனவை நம் இஷ்டத்துக்கு ஓட்டலாம் என்று பெட்டி மேல் போட்டிருக்கிறார்கள், என் புகாரே அந்த வரி மேல்தான்.

பொருள் எப்படி? போனில் நேரம் செட் பண்ணினால், தூங்கி நாலைந்து மணி நேரம் கழித்து கண்ணுக்குள் லைட் விட்டு விட்டு எரியும். கனவு அதிகம் வருகிற ஆர்இஎம் தூக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை வரும், விடியற்காலை நெருங்க நெருங்க அதன் நீளமும் கூடும் என்பதால் அந்தக் கணக்கு. ஆனால் நாம் ஆர்இஎம்மில் இருக்கிறோமா என்று மாஸ்க்குக்குத் தெரியாது, வெறும் டைமர். நம்ம ஊர் வேர்வையில் ஸ்பாஞ்ச் ஊறி சீக்கிரமே ஒட்டு விட்டுவிட்டது. பாதி ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த ஆயா பார்த்துவிட்டு, "இன்னாடா இது, மூஞ்சியில சீரியல் லைட்டு போட்டுக்கினு படுத்துக்கினு இருக்கே?" என்றார்.

இதெல்லாம் ஏமாற்று வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. ஆர்இஎம்மில் உடம்பு அசையாது, கண் மட்டும் அசையும். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் நடத்திய சோதனையில், ஆலன் வோர்ஸ்லி என்பவர் கனவுக்குள்ளிருந்தே, முன்பே பேசி வைத்தபடி கண்ணை இடமும் வலமும் ஆட்டி சிக்னல் கொடுத்தார், மெஷினில் அது பதிவானது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லாபெர்ஜும் தனியாக இதையே நிரூபித்தார். லைட் மாஸ்க்குகளை அப்போதே செய்தவரும் அவர்தான், ஆக இந்த ஐடியா பழசு.

சரி, வேலை செய்ததா? செய்தது, எப்போதாவது. கனவில் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பைக்கில் நிற்கிறேன், அதன் பிரேக் லைட் விட்டு விட்டு எரிகிறது, ரொம்ப நேரமாக எரிகிறது, சட்டென்று புரிந்துவிட்டது. பறக்கலாம் என்று எழும்பினேன். மொட்டை மாடி உயரம் வரை ஜோராகப் போனது. அப்புறம் "கேபிள் ஒயர் இருக்குமே" என்று ஒரு நினைப்பு, அவ்வளவுதான், தெரு முழுக்க ஒயர், காலில் சுற்றிக்கொண்டது. கனவு என்று தெரிந்துதான் இருக்கிறது, ஆனாலும் ஒயரைப் போகச் சொன்னால் போகவில்லை, ஏனென்றால் அது போகாது என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டே சொல்கிறேன்.

மாஸ்க்கால் தொட முடியாத இடம் இதுதான். கனவில் வெளியிலிருந்து வருவது இந்த லைட் மாதிரி ரொம்பக் கொஞ்சம்தான், மற்றபடி அடுத்து என்ன நடக்கும் என்று மனசு எதிர்பார்க்கிறதோ பெரும்பாலும் அதையே காட்சியாக்கிவிடும். அதனால் கட்டளை போடுவதைவிட எதிர்பார்ப்பை மாற்றுவது சுலபம். கண் முன்னால் கடல் வரட்டும் என்று முறைத்துக்கொண்டு நின்றேன், வரவில்லை. "இந்த முனை திரும்பினால் காசிமேடு" என்று சாதாரணமாக நினைத்துக்கொண்டு திரும்பினேன், மீன் வாடையோடு வந்தது. மாஸ்க் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று காசு கொடுத்தவன், கனவுக்குள்ளும் அது ஏதாவது செய்யுமென்று காத்துக்கொண்டு நிற்பான். விளம்பரத்தால் வருகிற கெடுதல் அது.

கெட்ட கனவில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். துரத்துகிற நாயிடமிருந்து ஓடினால், "வரும், வரும்" என்று நாமே அதற்குத் தீனி போடுகிறோம், அதுவும் வரும். நின்று திரும்பி, "என்ன வேணும்?" என்று கேட்டபோது எனக்கு அது வாலாட்டியது. பயந்துகொண்டே கேட்ட இன்னொரு ராத்திரி கடித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அமுக்குவான் பேய்க்கு ஆயா சொல்லும் வைத்தியம், "தலகாணி அடியில இரும்புச் சாவி வெச்சுக்கினு படு, எதுவும் கிட்ட வராது." சாவியில் ஒன்றுமில்லை, ஆனால் வராது என்று நம்பிப் படுக்கிறவரின் எதிர்பார்ப்பு வேறு. அந்த வகையில் மாஸ்க்கைவிட சாவி மலிவு.

அடிக்கடி ஒரே கெட்ட கனவு வருகிறவர்கள் இதை வாங்கவே வேண்டாம். பகலில் விழித்திருக்கும்போதே அந்தக் கனவின் முடிவை மாற்றி எழுதி, மாற்றியதை மட்டும் தினம் கொஞ்ச நேரம் மனசில் ஓட்டிப் பார்க்கிற சிகிச்சை இருக்கிறது, அதற்கு மாஸ்க்கும் தேவையில்லை, லூசிட் கனவும் தேவையில்லை. விபத்து, அடிதடி போன்றவற்றைப் பார்த்து வருகிற கனவென்றால் தனியாகச் செய்யாதீர்கள், நம்ம ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது.

விளையாட்டுக்கு வாங்குபவர்களுக்கு ஐந்துக்கு இரண்டரை ஸ்டார். ஏசி ரூம் இருந்தால் மூன்று.