உடைத்த கல்லின் துகள்கள் அடைத்துக்கொண்டால்: காத்திருப்பதா, லேசரா, குழாயா?

அதிர்வலையால் சிறுநீரகக் கல்லை உடைத்தபின் துகள்கள் சிறுநீரோடு தானாக வெளியேற வேண்டும். சிலருக்கு அவை சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாயில் வரிசை கட்டி நின்றுவிடும். குழாயின் உள்விட்டமே 3, 4 மி.மீ. தான். முன்னால் ஒரு பெரிய துண்டு மாட்டினால் போதும், பின்னால் வரும் பொடியெல்லாம் அதன்மேல் குவியும். கல் 2 செ.மீ.க்கு மேல் இருந்தவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம்.

காய்ச்சல் இல்லை, வலி மருந்துக்கு அடங்குகிறது, இன்னொரு சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் ஏறவில்லை என்றால் காத்திருப்பதே நல்லது. வலி மருந்தோடு, குழாயைத் தளர்த்த டாம்சுலோசின் தருவார்கள். இந்த மருந்தால் எழுந்து நிற்கும்போது சிலருக்குத் தலை சுற்றும். குடம் குடமாகத் தண்ணீரோ வாழைத்தண்டுச் சாறோ குடித்து அடைப்பைத் தள்ளிவிட முடியாது, வலிதான் கூடும். இன்னொன்று முக்கியம்: வலி நின்றதால் கல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அடைப்பு அப்படியே இருக்க, சிறுநீரகம் சத்தமில்லாமல் வீங்கிக்கொண்டிருக்கலாம். அதனால் சொன்ன தேதியில் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

சில வாரமாகியும் நகரவில்லையா? முன்னால் நிற்பது பெரிய துண்டு என்றால் அதை மட்டும் குறிவைத்து மறுபடி அதிர்வலை கொடுக்கலாம். பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. எல்லாமே பொடியாக இருந்தால் அதனால் பெரிய பயனில்லை. அடுத்த வழி யூரிட்டரோஸ்கோப்பி: மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர்த் துவாரம் வழியாகவே மெல்லிய உள்நோக்குக் கருவியோடு உள்ளே போய் லேசரால் உடைத்து எடுப்பார்கள். குழாய்ச் சுவரில் காயம்படும் ஆபத்து உண்டு. ஆனாலும் பல நேரம் ஒரே முறையில் வழி திறந்துவிடும் என்பதால் என் ஓட்டு இதற்குத்தான்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அடைப்புக்கு மேலே தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகினால் அது ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ராத்திரியானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போது கல்லை எடுப்பதல்ல, தேங்கியதை வடிப்பதுதான் முதல் வேலை. சிறுநீர்க்குழாய்க்குள் டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைக்கலாம், இல்லை முதுகுப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கிருந்து நேரே சிறுநீரகத்துக்குள் நெஃப்ராஸ்டமி குழாய் வைக்கலாம். கிருமி கலந்த அடைப்பை வடிக்க இரண்டும் சமமாகவே உதவும். ஆனால் ஸ்டென்ட் போக வேண்டிய பாதையில்தான் துகள்கள் நீளத்துக்கு நிற்கின்றன. ஸ்டென்டுக்கு வழிகாட்டும் கம்பி நுழையாமல் போகலாம். அந்த நிலையில் நெஃப்ராஸ்டமியே மேல். வெளியே சிறுநீர் சேரும் பை தொங்குவது சிரமம்தான், ஆனால் அழுத்தம் இறங்கியதும் சிறுநீர்க்குழாய் மறுபடி சுருங்கி விரிந்து, பல நேரம் துகள்கள் தானாக இறங்கிவிடும்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அடிக்கடி சிறுநீர் முட்டும், லேசாக ரத்தமும் தெரியும். அதை எடுக்கும் தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள். மாதக்கணக்கில் மறந்துவிட்டால் ஸ்டென்ட் மேலேயே கல் படியும்.