லிசெஸ்ஸா, செஸ் டாட் காமா, செஸ்பேஸா? வீட்டுக்கு ஒரே போன் இருப்பவர்களுக்கான அலசல்

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து, சென்னையில் வியாசர்பாடி, கொளத்தூர் பக்கம் பெற்றோர் கேட்கிற கேள்வியே மாறிவிட்டது. முன்பெல்லாம் "செஸ் ஆடினா படிப்பு கெட்டுடாதா சார்?" என்பார்கள். இப்போது "எந்த ஆப் சார் போடணும்? காசு கட்டுற மாதிரியா, சும்மாவா?" என்று கேட்கிறார்கள்.

இணையத்தில் இதற்குக் கிடைக்கிற பதில்கள் பெரும்பாலும் தனி கம்ப்யூட்டர், கிரெடிட் கார்டு, ஆங்கிலம் மூன்றும் இருக்கிற வீட்டுக்கானவை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லிக்கொடுக்கிற பசங்க வீட்டு நிலவரம் வேறு. அப்பா வேலை முடிந்து வந்தால்தான் போன் கையில் கிடைக்கும். நாளுக்கு ஒன்றரை ஜிபி, அதிலும் பாதியை அக்காவின் ரீல்ஸ் தின்றிருக்கும். சில வீடுகளில் அண்ணனுக்கு ஸ்கூலில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நிலைமையை மனதில் வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்திலிருந்து டோர்னமெண்டில் ஓரளவு தாக்குப்பிடிக்கும் வரை லிசெஸ் என்ற இலவசத் தளம் ஒன்றே போதும். சொல்லிக்கொடுக்க ஆளே இல்லாத பிள்ளைக்கு, கொஞ்சம் ஆங்கிலமும் தெரிந்தால், ஆடிய ஆட்டத்தை அலசிப் பேசுகிற செஸ் டாட் காம் தளம் கூடுதலாக உதவும். ஆட்டங்களைச் சேர்த்துவைத்துத் தேடுகிற மென்பொருளான செஸ்பேஸ் நல்ல சாமான்தான், ஆனால் அது தேவைப்படுகிறவருக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

ஒரே தப்பு, இரண்டு வாத்தியார்

எங்கள் பசங்க பிளிட்ஸில் (சில நிமிஷங்களில் முடிகிற வேக ஆட்டம்) மாற்றி மாற்றி விழுகிற ஒரு பொறி இருக்கிறது. வெள்ளை, ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும், கறுப்பும் அப்படியே. இரண்டு பக்கமும் ஒரு குதிரை வெளியே வரும். வெள்ளை பிஷப் சி4-இல் உட்காரும் (வெள்ளைக்கு இடமிருந்து ஏ முதல் ஹெச் வரை எழுத்து, வெள்ளைப் பக்கமிருந்து 1 முதல் 8 வரை எண், இப்படித்தான் கட்டத்துக்குப் பெயர்). அப்போது கறுப்பு, சம்பந்தமே இல்லாத மாதிரி, தன் குதிரையை டி4-இல் கொண்டுபோய் வைக்கும். இ5 சிப்பாய் காவல் இல்லாமல் நிற்கிறது. கை சும்மா இருக்குமா? வெள்ளைக் குதிரை அதை வெட்டும். உடனே கறுப்பு ராணி ஜி5-க்கு வந்து, அந்தக் குதிரையையும் ஜி2 சிப்பாயையும் ஒன்றாகக் குறி வைக்கும். "பரவாயில்ல, நானும் ராணியையும் யானையையும் ஃபோர்க் போடுறேன்" என்று, ஒரே காயால் இரண்டைத் தாக்குகிற நினைப்பில் குதிரையை எஃப்7-இல் இறக்கினால் கதை முடிந்தது. ராணி ஜி2-வை வெட்டும், யானை எஃப்1-க்கு ஒதுங்கும், ராணி இ4-ஐ வெட்டி செக் சொல்லும், பிஷப் இ2-வில் குறுக்கே வரும், எஃப்3-இல் குதிரை மேட். குதிரையை வெட்ட வேண்டிய பிஷப், நகர்ந்தால் ராஜாவுக்குச் செக் விழும் என்பதால், 'பின்' (pin) ஆகி அசைய முடியாமல் நிற்கும். பிளாக்பர்ன் ஷில்லிங் கேம்பிட் என்று இதற்குப் பெயர்.

இந்த ஆட்டத்தை இரண்டு தளத்திலும் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

செஸ் டாட் காமில் கேம் ரிவ்யூ திறந்தால் ஒரு கோச் பொம்மை வந்து பேசும். இந்த மூவ் தப்பு, இதனால் இந்தக் காய் போகிறது, இதைச் செய்திருக்கலாம் என்று வாக்கியமாகவே சொல்லும். சிவப்புக் கேள்விக்குறி, நீல ஆச்சரியக்குறி என்று கண்ணுக்கும் வேலை உண்டு. பக்கத்தில் யாரும் இல்லாத பிள்ளைக்கு இந்தப் பேச்சு பெரிய உதவி, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் இலவசக் கணக்குக்கு இந்த ரிவ்யூவை அளந்துதான் கொடுப்பார்கள். ராத்திரி நாலு பிளிட்ஸ் ஆடினால் நாலையும் அலச முடியாது.

லிசெஸ் இவ்வளவு பேசாது. கணினி ஆய்வு கேட்டால் ஒரு வரைபடம் வரும், தப்பான மூவ்களில் குறி போட்டிருக்கும். அதற்குக் கீழே, தப்பிலிருந்து கற்றுக்கொள் என்ற அர்த்தத்தில் ஒரு பொத்தான் இருக்கும். என் கணக்கில் அந்தத் தளத்திலேயே மதிப்பான பொத்தான் அதுதான். அழுத்தினால், குதிரை இ5-ஐ வெட்டுவதற்கு முந்தைய நிலைக்கே கொண்டுபோய் நிறுத்தி, இதைவிட நல்ல மூவ் கண்டுபிடி என்று கேட்கும். பதிலைத் தானாகச் சொல்லாது. டி4 குதிரையை வெட்டலாம், காஸ்லிங் செய்து ராஜாவை ஓரமாக ஒதுக்கலாம், சி3-க்குச் சிப்பாயைத் தள்ளிக் குதிரையை விரட்டலாம். இதில் ஒன்றைப் பையன் தானே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஏன் நல்லது என்ற விளக்கம் மட்டும் கிடைக்காது. அதைத் தெரிந்த அண்ணனிடம்தான் கேட்க வேண்டும். செஸ் டாட் காமிலும் தப்பைத் திரும்ப ஆடிப் பார்க்கிற வசதி இருக்கிறது. ஆனால் கோச் ஏற்கெனவே பேசிவிடுவதால் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எவ்வளவு சரியாக ஆடினோம் என்று தளங்கள் காட்டுகிற அக்யூரசி சதவீதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதிராளி எட்டாவது மூவிலேயே ராணியை இனாமாகக் கொடுத்த ஆட்டத்தில் யாருக்கும் தொண்ணூறு சொச்சம் வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதோடு அன்றைய படிப்பு முடிந்துவிடுகிறது.

பஸில், டேட்டா, ரேட்டிங்

பஸிலில், அதாவது ஒரு நிலையைக் கொடுத்து நல்ல மூவைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிரில், லிசெஸ்ஸுக்குப் போட்டியே இல்லை. 2010-இல் திபோ டுப்ளெஸ்ஸி என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய லிசெஸ் நன்கொடையில் ஓடுகிறது. விளம்பரம் கிடையாது, காசு கொடுத்தால் மட்டும் திறக்கிற கதவும் கிடையாது. அங்கே ஆடிய ஆட்டங்களிலிருந்தே எடுத்த பஸில்கள் 30 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ஃபோர்க் மட்டும், பின் மட்டும், யானை எண்ட்கேம் (ஆட்டத்தின் கடைசிக் கட்டம்) மட்டும் என்று தலைப்பு வாரியாகப் பிரித்துப் போடலாம். ஷில்லிங் பொறியில் விழுந்தவனுக்கு நான் கொடுக்கிற வீட்டுப்பாடம், ஒரு வாரம் 'பின்' தலைப்பு மட்டும். செஸ் டாட் காமின் பஸில்களும் தரத்தில் குறைந்தவை அல்ல, நேரத்தோடு போட்டி போட்டுப் பஸில் போடுகிற பஸில் ரஷ் விளையாட ஜாலியாகவே இருக்கும். ஆனால் இலவசத்தில் நாளுக்குச் சிலதான் கிடைக்கும். சூடு பிடிக்கிற நேரத்தில் பணம் கட்டச் சொல்லும்.

ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது: வேகமாகப் பஸில் போடுவது வேறு, யோசித்துப் போடுவது வேறு. பசங்க முதல் மூவைக் குத்திப் பார்ப்பார்கள், தப்பென்றால் அடுத்ததைக் குத்துவார்கள். அதனால் ஒவ்வொரு பஸிலுக்கும் முதலில் பதிலை நோட்டில் எழுதி வைத்த பிறகுதான் திரையைத் தொட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முணுமுணுத்துக்கொண்டாவது செய்கிறார்கள்.

டேட்டாவுக்குப் பயப்பட வேண்டாம். செஸ் ஆடுவதற்குக் கொஞ்சம்தான் ஆகும், தின்பதெல்லாம் செஸ் வீடியோக்கள். லிசெஸ் ஆப் சில பஸில்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால் நெட் இல்லாதபோதும் கை ஓடும். ஆண்ட்ராய்டு போனில் ட்ராய்ட்ஃபிஷ் என்று இன்னொரு இலவச ஆப் உண்டு. உள்ளேயே ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின், அதாவது செஸ் ஆடுகிற நிரல், இருப்பதால் நெட்டே வேண்டாம். அதன் பலத்தைக் குறைத்து வைத்து ஆடலாம். பழைய லேப்டாப் இருந்தால் விண்டோஸில் ஓடுகிற லூகாஸ் செஸ் போடுங்கள். அதுவும் இலவசம்தான். மிகவும் பலவீனமான எஞ்சினிலிருந்து படிப்படியாக ஏறிக்கொண்டே போகலாம். திரை பார்க்க அழகாக இருக்காது, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாட்களுடன் (கம்ப்யூட்டர் எதிராளிகளுடன்) ஆடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலம் குறைக்கப்பட்ட எஞ்சின் பத்து மூவ் பிரமாதமாக ஆடிவிட்டு, மனுஷன் யாரும் செய்யாத ஒரு முட்டாள்தனத்தை வேண்டுமென்றே செய்யும். அதை ஜெயித்துப் பழகினால் நிஜ ஆட்டத்துக்கு உதவாது. லிசெஸ்ஸில் மாயா என்ற பெயரில் சில பாட்கள் இருக்கின்றன. 1100, 1500, 1900 ரேட்டிங் (ஆடுகிற பலத்தைக் காட்டும் எண்) அளவுகளில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைப் பார்த்துப் பழகியவை. அவை தப்பு செய்தாலும் நம்ம ஆள் செய்கிற மாதிரியே செய்யும். ஆள் கிடைக்காத ராத்திரிக்கு நல்ல துணை.

ரேட்டிங் ஒப்பிட்டுச் சண்டை போடுவதும் வேண்டாம். லிசெஸ்ஸில் எல்லோரும் 1500-இல் தொடங்குகிறார்கள், செஸ் டாட் காமில் தொடக்கமே வேறு. கீழ்மட்டத்தில் லிசெஸ் எண் பொதுவாகக் கூடுதலாகத்தான் காட்டும். "நான் 1700" என்கிற பையனிடம் எந்தத் தளம், பிளிட்ஸா, அதைவிடக் கொஞ்சம் நீளமான ரேபிடா என்று கேட்ட பிறகே பாராட்டுங்கள்.

சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு லிசெஸ்ஸில் பாடம் தயாரித்து வைக்கிற ஸ்டடி என்ற பகுதி ஒரு வரம். ஒரு ஸ்டடிக்குள் 64 அத்தியாயம் வரை வைக்கலாம், அடுத்த மூவ்களை மறைத்து வைத்து "இப்ப நீ சொல்லு" என்று கேட்கலாம். லிங்க்கை வாட்ஸாப்பில் அனுப்பினால் போதும். என் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதுகிறேன். தளத்தின் மெனுவையும் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு ஆங்கில கோச் பொம்மையைவிட இது உதவுகிறது.

காசு கட்டுகிற பக்கம்

செஸ்ஸபிள், செஸ் டாட் காம் குழுமத்துக்குள் வந்துவிட்ட தளம். ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க மூவ்) வரிசைகளை இடைவெளி விட்டு விட்டுத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்ய வைக்கும். அந்த வேலையில் அதை அடிக்க ஆள் இல்லை. இலவசச் சிறு பாடங்களும் உண்டு. ஆனால் காயை இனாமாகக் கொடுக்கிற கட்டத்தில் இருப்பவன் சிசிலியன் என்ற ஓப்பனிங்குக்குக் கோர்ஸ் வாங்குவது, கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரைத் தொடாமல் பவுடர் மட்டும் போட்டுக்கொண்டே இருக்கிற மாதிரி. ஓப்பனிங் பார்க்க லிசெஸ் எக்ஸ்ப்ளோரர் போதும். மாஸ்டர்கள் என்ன ஆடினார்கள் என்றும் பார்க்கலாம், உங்கள் ரேட்டிங்கில் இருப்பவர்கள் என்ன ஆடுகிறார்கள் என்றும் வடிகட்டிப் பார்க்கலாம். ஷில்லிங் பொறியை மாஸ்டர் பக்கத்தில் தேடினால் ஏறக்குறைய வெறுமை, நம்ம ரேட்டிங் பக்கத்தில் கூட்டம். எதைப் படிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதற்கு அதைவிட நேரடியான பதில் கிடைக்காது.

செஸ்பேஸ் ஜெர்மனியின் ஹாம்பர்க்கைச் சேர்ந்த நிறுவனம். எண்பதுகளிலிருந்து இருக்கிறது. விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதன் மெகா டேட்டாபேஸில் ஒரு கோடிக்கு மேல் ஆட்டங்கள் உண்டு. நாளை காலை யாருடன் ஆட்டம் (பேரிங்) என்று ராத்திரி தெரிந்ததும், அவர் பெயரைப் போட்டு ஆடியதையெல்லாம் எடுத்துப் பார்க்கிற வேலைக்கு அதுதான் அரசன். மாவட்ட அளவில் ஆடுகிற பையனின் எதிராளி அதில் இருக்கவே மாட்டான், அது வேறு விஷயம். பணம் கட்டாமல் இதே வேலை பார்க்க ஸ்கிட் என்ற மென்பொருளைப் போட்டு, 1994 முதல் இலவசமாக வாராவாரம் வருகிற தி வீக் இன் செஸ் ஆட்டக் கோப்புகளை அதில் சேர்த்துக்கொண்டே போகலாம். ஸ்டாக்ஃபிஷ்ஷையும் இணைத்துவிட்டால் முக்கால்வாசி செஸ்பேஸ் கையில். முதல் நாள் அமைப்பதற்குள் கண் பிதுங்கிவிடும், அப்புறம் பழகிவிடும்.

எஞ்சின் விஷயத்தில் நான் கறார். குகேஷ் ஏறத்தாழ 2500 ரேட்டிங் வரும் வரை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா எஞ்சின் பக்கமே போகவிடவில்லை என்பது பலரும் அறிந்த கதை. நம்ம பிள்ளைகளுக்கு அவ்வளவு வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் முதலில் நிஜ போர்டில் காய் அடுக்கித் தானே ஒருமுறை பார்க்கட்டும், எங்கே தப்பு என்று நினைக்கிறானோ அங்கே நோட்டில் ஒரு கோடு போடட்டும், அதற்குப் பிறகு எஞ்சினைத் திறக்கட்டும். கோடும் எஞ்சின் குறியும் வெவ்வேறு இடத்தில் விழுந்தால் அன்று பாடம் எதுவென்று தெரிந்துவிடும்.

சரி, கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, எதற்குக் கட்டலாம் என்றால், வருஷச் சந்தாவுக்கு முன்னால் ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் டோர்னமெண்ட் ஒன்றின் என்ட்ரி ஃபீஸுக்குக் கட்டுங்கள். 2024 மார்ச்சிலிருந்து ரேட்டிங்கின் அடிமட்டமே 1400 (அதற்குக் கீழே ரேட்டிங் இல்லை) ஆகிவிட்டதால், முதல் ரேட்டிங் வாங்குவது முன்பைவிடச் சிரமம். அதற்கு நீண்ட நேர ஆட்டத்தில் உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும். அதற்கும் மேல் மிச்சம் இருந்தால் ஒரு டிஜிட்டல் கிளாக் வாங்கிக்கொள்ளுங்கள். போன் அப்பாவிடம் இருக்கிற நேரத்தில் அண்ணன் தம்பி ஆடலாம்.